கலப்பத்து அடித்த வீடு

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் காசிமேட்டில் என் கையால் கடலில் இறங்கிய மரப்படகுகள் நாற்பதுக்கு மேல். அடிவழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது என்று சொல்ல எவனும் இல்லை. அத்திப்பட்டு தாண்டி ஆறு சென்ட் நிலம் வாங்கியதும் செங்கல், சிமென்ட் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நான் மரம் என்றேன். முழு முழு மரமாக, ஒன்றின் மேல் ஒன்று படுக்க வைத்து, சுவரே மரமாக.

பிளான் போட இன்ஜினியரைத் தேடவில்லை. மீன் ஏலம் முடிந்து கழுவிவிட்ட துறைமுகத் தளத்தில், படகுக்கு வரைவது போலவே, சாக்பீசால் வீட்டை முழு அளவில் வரைந்தேன். மீன் விற்கும் பெண்கள் கோட்டை மிதிக்காமல் வாசல் வழியாகவே வந்து போனார்கள்.

"யக்கா, கூடைய ஹால்ல வெக்காத, கவிச்சி அடிக்கும்" என்றாள் ஒருத்தி, என் மனைவியிடம். அவளும் அங்கே மீன் விற்பவள்தான். நேராகச் சமையலறைக் கோட்டுக்குள் போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

"ராயபுரத்து வூட்ல முப்பது வருஷமா மழைக்கு குண்டான் வெச்சிகினு கீறேன். இதுலயும் ஒரு சொட்டு ஒழுவுனா நீ மட்டும் போய் குந்திக்க. நான் வரமாட்டேன்."

"ஒழுவாது."

"பாக்கலாம்யா."

அவள் வராவிட்டால் அந்த வீடு எனக்கு எதற்கு? மறுநாளே மரவாடிக்குப் போய் ஒவ்வொரு மரத்தையும் தட்டித் தட்டி எடுத்தேன். பட்டை உரித்து, முனைகளில் பள்ளம் வெட்டி, மூலைக்கு மூலை கவ்வ வைத்தேன். செயின் பிளாக் சங்கிலியில் தூக்கிய மரம் பள்ளத்தில் 'டொக்'கென்று உட்காரும்போது இந்த வயதிலும் உடம்பு சிலிர்த்தது. டீ ஆறுவதுகூடத் தெரியாமல் ஏணியிலேயே கிடந்தேன்.

"இன்னா பெருசு, வெறகு கடையா?" என்றார் பக்கத்து மனைக் கொத்தனார்.

"நீ நாலு வரிசை வெக்கிறதுக்குள்ள நான் சுவரையே ஏத்திட்டேன். எண்ணிப் பாத்துக்க."

பிறகு கலப்பத்து. எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியை மர இடுக்கில் உளி வைத்து அடித்துச் செருகுவது. படகுக்கு அதுதான் உயிர். சுவர், கூரைப் பலகை, தரைப் பலகை என்று ஓர் இடுக்கையும் விடவில்லை. மழை உள்ளே தாவாமல் இருக்க வாசலில் ஒரு சாண் உயரத்துக்குத் தடுப்பும் வைத்தேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் அவள் வந்தாள். சுவரில் விரலை ஓட்டினாள். விரல் காய்ந்தே இருந்தது. கூரையை அண்ணாந்து பார்த்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

பால் காய்ச்சும் முன் வீட்டைக் கழுவ வேண்டுமென்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். துடைப்பத்தால் தள்ளினாள். தண்ணீர் வாசல் தடுப்பில் முட்டித் திரும்பி வந்து, எங்கள் கால்களைச் சுற்றி நின்றது.

"யோவ், தண்ணி எப்படிய்யா வெளிய போவும்?"

சமையலறையில்கூடத் தண்ணீர் போக நான் வழி விடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நீ வூடு கட்டல. படக கட்டி தரையில ஏத்தி வெச்சிகீற. தொள போடு, அப்பால பேசு."

கையால் சுற்றித் துளைக்கும் துரப்பணத்தை எடுத்துத் தரையில் ஊன்றினேன். கை ஓடவில்லை. அடிப்பலகையில் ஓட்டை என்றாலே அலறி வளர்ந்த கை இது.

பக்கத்தில் குந்திக்கொண்டு அவள் கேட்டாள்: "இன்னா, முழுவிடுவமா?"

சுற்றினேன். மரத்தூள் சுருண்டு வந்தது. பலகை பொத்துக்கொண்டதும் தண்ணீர் களகளவென்று கீழே இறங்கியது. அவள் இன்னொரு வாளி ஊற்றிப் பார்த்தாள். அதுவும் போனது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"போய் பால் வாங்கியா. அப்டியே ராயபுரத்துல என் குண்டானுங்க கீது, எல்லாத்தையும் எடுத்தாந்துடு. இனிமே அதுல கொழம்பு வெக்கலாம்."