பெண் மிதிக்காத மலை

என் தம்பி பெண்டாட்டி மிர்சினியைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். கூடையில் வடித்தெடுக்கும் நல்ல சீஸ் அவள் கையில்தான் வரும் என்பார் ஒருவர். முட்ட வந்த கிடாயைத் திருப்பி முட்டியவள் என்பார் இன்னொருவர். இரண்டும் உண்மைதான். ஆனால் நிலைக்கண்ணாடிக் கதையை மட்டும் கண்டவர்களெல்லாம் கண்டபடி திரித்துச் சொல்கிறார்கள். அந்தக் கண்ணாடியின் ஒரு முனையைப் பிடித்துக் குன்றில் ஏற்றியவள் நான். அதனால் குறுக்கே பேசாமல் நான் சொல்வதைக் கேளுங்கள்.

எங்கள் லெம்னோஸ் தீவில் மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆடு, கோதுமை, காற்று, இவ்வளவுதான். ஊருக்கு மேலே எலியாஸ் தீர்க்கதரிசி கோயில் இருக்கும் குன்றில் ஏறினால் மேற்கே வெறும் கடல். வடகாற்று அடித்து மூட்டத்தைத் துடைத்துப்போட்ட நாளில் அந்தக் கடலுக்கு அக்கரையில் அதோஸ் மலை நிற்கும். அடிவாரம், சரிவு என்று எந்தப் பேச்சும் கிடையாது. தண்ணீரிலிருந்து நேராக எழுந்து வானத்துக்குள் போயிருக்கும். எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அந்த மலையைப் பார்த்தால் இன்றைக்கும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் பார்ப்பேன்.

என் மருமகன் கொஸ்மாஸ் லாரி ஓட்டுகிறவன். எங்கள் தீவு ஒயினையும் சீஸையும் நாடு முழுக்கக் கொண்டுபோவான். தெசாலிச் சமவெளியில் நட்டுக்குத்தாக நிற்கும் பாறைகளும் அவற்றின் தலையில் உட்கார்ந்திருக்கும் மடங்களும், எப்பிரஸ் பக்கத்தில் எட்டிப் பார்த்தால் ஆறு நூலாகத் தெரிகிற பள்ளத்தாக்கும், மேகத்தை விலக்கவே விலக்காத ஒலிம்பஸும் அவன் வாயில் சாப்பாட்டு நேரமெல்லாம் ஓடும்.

"அதெல்லாம் நின்ன எடத்துலயே நிக்கிற மலை, மாப்பிள்ளை," என்பாள் மிர்சினி. "எங்க மலை வீடு தேடி வரும்."

அவள் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. ஜூலை மாதம் சில சாயங்காலங்களில் சூரியன் சரியாக அதோஸ் உச்சிக்குப் பின்னால் இறங்கும். அப்போது மலையின் நிழல் கடல்மேல் நீண்டு நீண்டு வந்து, எங்கள் கரையேறி, மிர்சினி வீட்டு மேற்குச் சுவரைத் தொடும். அவ்வளவு கடலையும் தாண்டி ஒரு மலை வந்து நம் வீட்டுச் சுவரைத் தொட்டால் உடம்பு சிலிர்க்காமல் என்ன செய்யும்? நான் ஒவ்வொரு வருஷமும் சிலுவை போட்டுக்கொள்வேன். மிர்சினி சுவரில் கை வைத்துக்கொண்டு நிற்பாள்.

நிழலை மட்டும்தான் அவளால் தொட முடியும். ஏனென்றால் அது துறவிகளின் மலை. பெண் என்று பிறந்தவள் அங்கே கால் வைக்கக் கூடாது. ஆயிரம் வருஷத்துச் சட்டம்.

"பொட்டக் கோழிக்குக்கூட எடமில்லயாம் மதினி. அப்ப முட்டைய எங்கேருந்து திங்கிறாங்க?" என்று கேட்பாள்.

"படகுல வருதுட்டி."

"முட்டை போகலாம், அதப் போட்டவ போகக்கூடாது! இதுல அது மாதாவோட தோட்டமாம். மாதா என்ன ஆம்பளையா?"

பாதிரியார் காதில் விழும்படிதான் பேசுவாள். அவர் கேட்காதது போல மணியடிக்கப் போய்விடுவார்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஒரே மகன் ஆர்கிரிஸ். சின்ன வயதிலிருந்து ஆட்டை விட்டுவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்த பயல். பெண் பேசி முடித்து, மோதிரம் மாற்ற நாள் குறித்த பிறகு, "அம்மா, நான் அங்க போறேன்," என்று மேற்கே கை காட்டினான். என் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். மிர்சினி தாண்டவம் ஆடிவிட்டாள். கிளம்புகிற அன்று பயல் வாசலில் பையோடு நின்றான். "நல்லபடியா போய்ட்டு வா" என்று பெற்றவள் சொல்லாமல் எங்கள் ஊரில் யாரும் படகேறுவதில்லை, தினமும் மீன்பிடிக்கப் போகிறவன்கூட. அந்த வார்த்தைக்காகத்தான் நின்றான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனான்.

போனதும் அவள் செய்த முதல் வேலை, பீரோவின் நிலைக்கண்ணாடியைக் கறுப்புத் துணி போட்டு மூடியது. சாவு விழுந்த வீட்டில்தான் கண்ணாடியை மூடுவோம்.

"ஏட்டி, உசுரோட இருக்கிற புள்ளைக்கு எழவு கொண்டாடுறியா? அந்தத் துணிய எடு!" என்று கத்தினேன்.

"எனக்கு அவன் செத்தாச்சு மதினி."

செத்துப்போனவனுக்கு யாராவது குளிர்காலம்தோறும் கம்பளிக் காலுறை பின்னுவார்களா? இவள் பின்னினாள். பின்னி, கொஸ்மாஸ் லாரியில் ஒளித்து வைப்பாள்; அவன் அதை மடத்துக்குப் போகிற படகில் ஏற்றிவிடுவான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்.

என் தம்பி இறந்தபோது மடத்துக்குப் போன் போட்டோம். "ஆர்கிரிஸ்னு இங்க யாரும் இல்லம்மா," என்று ஒரு கிழட்டுக் குரல் சொல்லி வைத்துவிட்டது. மகனும் போய்விட்டான் என்று மிர்சினி மயங்கி விழுந்தாள். துறவியானால் பேரை மாற்றிவிடுவார்கள், பயல் இப்போது அவெர்கியோஸ் என்று, தம்பியின் குழிமேட்டு மண் காய்ந்த பிறகு கொஸ்மாஸ்தான் விசாரித்து வந்து சொன்னான். அதைக் கேட்டவளுக்கு இப்போது வேறு ஆத்திரம்.

"பத்து மாசம் சொமந்து நான் வெச்ச பேரை மாத்த இவனுங்க யாரு?"

அடுத்த வருஷம் என்னையும் இழுத்துக்கொண்டு கப்பல் ஏறி, பஸ் பிடித்து, மலையைச் சுற்றிக் காட்டும் படகில் போய் உட்கார்ந்தாள். பெண்கள் இருந்தால் அந்தப் படகு கரைக்குப் பக்கத்தில் போகக் கூடாது. தூரத்தில் ஒரு துறையில் கறுப்பு அங்கியோடு, தாடியோடு ஒருவர் நின்றார். "அதோ எம்புள்ள!" என்று மிர்சினி எழுந்தாள். முக்காட்டை அவிழ்த்து வீசி வீசி அழுதாள். பக்கத்திலிருந்த ஜெர்மன்காரிகளும் சேர்ந்து அழுதார்கள். அந்தத் துறவி திகைத்துப்போய்க் கை தூக்கி ஆசீர்வாதம் செய்தார். திரும்பி வரும்போதுதான் படகுக்காரன் சொன்னான், படகு ஓடுவது மலையின் மேற்குக் கரையோடு, இவள் சொல்லும் மடம் கிழக்குக் கரையில் என்று. நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

"கிழக்குக் கரைன்னா, அவன் ஜன்னலத் தொறந்தா நம்ம தீவுதான மதினி தெரியும்?" என்று நான்காம் நாள் கேட்டாள். அவள் குரலில் இருந்த ஆசையைக் கேட்டு எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

பயல் போய் ஒன்பதாவது கோடையில், அவன் மடத்துக்குச் சரக்கு கொண்டுபோன கொஸ்மாஸ் வாய்ச்சொல்லாக ஒரு சேதி கொண்டுவந்தான். கர்த்தர் மலைமேல் ஒளியாய் மாறிய உருமாற்றத் திருநாளுக்கு அங்கே துறவிகள் மலை உச்சியில் இருக்கும் குட்டிக் கோயிலுக்கு ஏறி, இரவெல்லாம் ஜெபம் பண்ணுவார்கள். இந்த முறை அவெர்கியோஸும் ஏறுகிறான்.

"விடிஞ்சதும் உச்சியிலேருந்து கண்ணாடி காட்டுவானாம் அத்தை. உங்கள எலியாஸ் குன்றுல நிக்கச் சொன்னான்."

"தாடிக்காரங்களுக்கு ஏதுய்யா கண்ணாடி?" என்று நான் கேட்டேன்.

"மடத்து லாரியோட பக்கக் கண்ணாடி. கழட்டி வெச்சிருக்கான்."

மிர்சினி அவனிடம், "என்மேல கோவம் இல்லன்னு சொன்னானா?" என்று கேட்டாள். அதை அவன் சொல்லவில்லை, கொஸ்மாஸும் கேட்கவில்லை. "கண்ணாடி தெரிஞ்சா கோவம் இல்லன்னு அர்த்தம்," என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

திருநாளன்று எங்கள் கோயிலில் முதல் திராட்சையை மந்திரிப்பார்கள். ஊர் முழுக்கக் கூடையோடு கோயிலுக்குப் போக, நாங்கள் இருவரும் விடிவதற்கு முன்னே குன்றில் ஏறினோம். அப்படித் துல்லியமான காலையை நான் பார்த்ததில்லை. மலையின் மடிப்புகளைக்கூட எண்ணலாம் போலிருந்தது. உச்சியை வைத்த கண் வாங்காமல் பார்த்தோம். வெயில் ஏறியது. முதுகு காய்ந்தது. உச்சியில் ஒன்றுமே இல்லை. மத்தியானம் வரை நின்றாள்.

"வாங்க மதினி," என்று கடைசியில் சொன்னாள். "அவன் மறக்கல. காட்டக்கூடாதுன்னுதான் காட்டல."

வீட்டுக்குப் போய் மேற்குப் பக்கத்து ஜன்னல்களை எல்லாம் சாத்தினாள். கறந்து வைத்த பால் உறை ஊற்றாமல் திரிந்து போனது. அவள் வாழ்நாளில் நடக்காத காரியம் அது.

மாதா திருநாள் முடிந்த மறுநாள் கொஸ்மாஸ் வந்தான். இரண்டு வாரம் நோன்பு இருந்து, முந்தின நாள்தான் ஆடு அடித்திருந்தோம். தட்டில் கறியைப் போட்டதும் பஞ்சத்தில் அடிபட்டவன் மாதிரி விழுந்தான்.

"மெதுவா மாப்பிள்ளை, தொண்டையில எலும்பு நிக்கப்போகுது."

"உங்களுக்கென்ன அத்தை. ரெண்டு நாளா அந்த மடத்துல வெறும் மொச்சையும் வெங்காயமும். அவங்களுக்கு நோன்பு இப்பத்தான தொடங்கியிருக்கு."

"இப்பத்தானா? நமக்கு நேத்தோட முடிஞ்சுதே."

"அவங்களுக்குத்தான் பழைய காலண்டராச்சே. பதிமூணு நாள் பின்னாடிதான் ஓடும் அந்த மலை."

என் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. இது எங்களுக்குத் தெரியாதா? எங்கள் தீவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்பதால்தான் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை! அந்த மலையில் உருமாற்றத் திருநாள் இன்னும் வரவே இல்லை.

"அட கூறுகெட்டவனே! அதச் சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" மாப்பிள்ளை என்ற மரியாதையெல்லாம் பார்க்காமல் கரண்டியால் அவன் மண்டையில் ஒன்று போட்டேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே அத்தை!" என்று தலையைத் தேய்த்துக்கொண்டான்.

முக்காடுகூடப் போடாமல் மிர்சினி வீட்டுக்கு ஓடினேன். சொன்னேன். அவள் மெல்ல, "அவன் காட்டுவான். நான் பாப்பேன். நான் பாத்தது அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

எழுந்துபோய்ப் பீரோமேல் இருந்த கறுப்புத் துணியைப் பிடித்து இழுத்தாள். ஒன்பது வருஷத்துத் தூசி அறை முழுக்கப் பறந்தது. சீதனமாய் வந்த ஆளுயரக் கண்ணாடி அது. அதில் தன் நரைத்த தலையைப் பார்த்து, "அடி ஆத்தி, இது யாரு கெழவி?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவர்கள் திருநாள் விடியற்காலையில், பீரோவிலிருந்து கழற்றிய கண்ணாடியைக் கம்பளியில் சுற்றி, கொஸ்மாஸ் ஒரு முனை, நான் ஒரு முனையாகக் குன்றில் ஏற்றினோம். வடகாற்று பேயாக அடித்தது. பாய்மரம் மாதிரி கண்ணாடி எங்களையும் சேர்த்து இழுத்தது. "அத்தை, விட்டுறாதீங்க, ரெண்டு பேரும் கடலுக்குப் போயிருவோம்!" என்று கொஸ்மாஸ் அலறினான். கோயில் சுவரில் சாய்த்து நிறுத்தினோம்.

எங்களுக்கு இன்னும் சூரியன் வரவில்லை. கடல் கறுத்துக் கிடந்தது. அக்கரையில் அதோஸின் உச்சி மட்டும் முதலில் சிவந்தது. பிறகு அந்த வெளிச்சம் மெதுவாகக் கீழே இறங்கியது. உலகத்திலேயே அந்த ஒரு கல்லுக்கு மட்டும் விடிந்தது போலிருந்தது. அத்தனை வருஷம் பார்த்த மலை, அன்றைக்குத்தான் அது எவ்வளவு பெரியது என்று எனக்கு உறைத்தது. அதன் மேலே ஒரு மனிதப்பிள்ளை நிற்கிறது என்பதை நம்பவே முடியவில்லை.

"மதினி," என்றாள் மிர்சினி.

உச்சியில் ஒரு பொட்டு. கடுகளவு இருக்கும். ஆனால் கண்ணைக் குத்தும் வெள்ளை. அணைந்தது. மறுபடி வந்தது. அணைந்தது. மறுபடி வந்தது.

"எம்புள்ள... எம்புள்ளதான்! இந்தத் தடவ சரியான பக்கந்தான மதினி?"

"சரியான பக்கந்தான்ட்டி, பாரு, நல்லா பாரு!"

அதற்குள் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வெயில் குன்றின்மேல் ஏறியது. மூவரும் கண்ணாடியைத் தூக்கினோம். வெளிச்சம் கோயில் சுவரில் விழுந்தது, பாறையில் விழுந்தது, மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளை மிரட்டியது. மிர்சினி பல்லைக் கடித்துக்கொண்டு சட்டத்தைத் திருப்பினாள். வெளிச்சம் கரையைத் தாண்டியது. பிறகு அது எங்கே போனதென்று எங்களுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே நின்றோம். என் கை மரத்துப்போனது.

திடீரென்று அக்கரைப் பொட்டு நின்றுவிட்டது.

நின்றது நின்றபடியே இருந்தது. கொஸ்மாஸ் என்னைப் பார்த்தான். நான் மிர்சினியைப் பார்க்கவில்லை, பயமாயிருந்தது.

பிறகு பைத்தியம் பிடித்த மாதிரி அது மின்ன ஆரம்பித்தது. ஒழுங்கு கிடையாது, நிறுத்தம் கிடையாது. உச்சியில் குதிக்கிறான் பயல்! கொஸ்மாஸ் "பாத்துட்டான்! பாத்துட்டான்!" என்று கத்தினான். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

மிர்சினி கத்தவில்லை. ஒரு கையால் கண்ணாடியைத் தாங்கி, மறு கையால் மலையை நோக்கிச் சிலுவை போட்டாள். வாசலில் நிற்கிற பிள்ளையிடம் சொல்வது போல மெதுவாகத்தான் சொன்னாள்.

"நல்லபடியா போய்ட்டு வாய்யா."

இறங்கி வரும்போது பாதி வழியில் நின்று, திரும்பி மலையைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னவோ ஆயிரம் வருஷத்துச் சட்டம்னீங்களே மதினி. உள்ள போயிட்டேன்ல?"