தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு, கடைசி ஆளாக

மதுரையிலிருந்து செங்கோட்டை போகும் ரயில் என்னைத் தென்காசியில் இறக்கிவிட்டபோது பிற்பகல் ஆகிவிட்டது. வெயில் இல்லை, மழை என்றும் சொல்ல முடியாது. காற்றோடு பொடிச்சாரல் பறந்துகொண்டிருந்தது. ஜூலை மாதச் சனிக்கிழமை என்பதால் நடைமேடை முழுக்கக் குடும்பங்கள். எல்லார் பையிலும் துண்டும் எண்ணெய்ப் புட்டியும். என் பையில் ஓடுவதற்கான காலணி. மறுநாள் காலை தென்காசியிலிருந்து குற்றாலம் அருவிக்கரை வரை ஐந்து கிலோமீட்டர் சாலை ஓட்டம்.

ஐந்து கிலோமீட்டரை நான் முன்பெல்லாம் ஒரு தூரமாகவே நினைத்ததில்லை. எனக்கு நாற்பத்து நாலு வயது. ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை, தனி வாழ்க்கை. மதுரையில் விடிகாலையில் ஓடும் பெண்கள் குழு ஒன்றில் இருந்தேன். போன வருடக் கடைசியில் இருமல் நிற்காமல் போய், எக்ஸ்ரே எடுத்ததில் காசநோய் என்று தெரிந்தது. மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களிலேயே, இனி என்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினேன். எல்லாரும் பூங்கொத்துப் படம் அனுப்பினார்கள். யாரும் வீட்டுக்கு வரவில்லை. ஆறு மாத மருந்தும் முடிந்து, மெதுவாக ஓடலாம் என்று டாக்டர் அனுமதித்த பிறகும், "இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே, எதுக்கு ரிஸ்க்?" என்றாள் எங்களில் மூத்தவள். யாருக்கு ரிஸ்க் என்று நான் கேட்கவில்லை. இந்த ஓட்டத்துக்குத் தனியாகப் பெயர் கொடுத்தேன்.

கோயிலுக்கு அருகே அறுநூறு ரூபாய்க்கு அறை கிடைத்தது. விடுதிக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வேற ஆள் வரலியா? சீசனுக்குத் தனியா யாரும் வரமாட்டாவளே."

"நாளைக்கு ஓட்டம் இருக்கு. அதுக்கு வந்தேன்."

"ஓடி முடிச்சிட்டு ஒரு குளி போட்டுட்டுப் போங்க. தண்ணி நல்லா விழுது."

காலை ஆறரைக்குக் கோபுரத்துக்கு முன்னாலிருந்து ஓட்டம் தொடங்கியது. ஊரைத் தாண்டுவதற்குள்ளேயே முன்னால் போனவர்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். இடது நுரையீரலின் அடியில், தழும்பு இருக்கும் இடத்தில், மூச்சு பாதியில் முட்டி நின்றது. ஓட்டம் நடையாக மாறியது. பக்கத்திலேயே இன்னொரு பெண்ணும் நடந்தாள். பெயர் தமிழ்ச்செல்வி, வடகரையில் பள்ளி ஆசிரியை. தங்கையின் வற்புறுத்தலால் வந்தவள். தங்கையோ முன்னால் ஓடிவிட்டாள்.

"அவ ஓடுதா, நான் உருளுதேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மேலகரம் வரும் வரை பேசிக்கொண்டே போனோம். இரண்டு பக்கமும் தென்னை. எதிரே மலை இடுப்புக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. ஒரு இடத்தில் நான் நின்று, முட்டியில் கை ஊன்றி மூச்சு வாங்கினேன். அவள் என் முதுகுப்பக்கம் குனிந்தாள்.

"உடம்புக்கு என்னம்மா?"

"டி.பி. வந்து குணமாயிருச்சு. மருந்தெல்லாம் முடிஞ்சிருச்சு."

"ஓ" என்றாள். நிமிர்ந்தாள். நாங்கள் மறுபடி நடந்தோம். ஆனால் அவள் இப்போது சாலையின் மறு ஓரத்தில் நடந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "தங்கச்சி தேடுவா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வேகமாகப் போனாள். உருளுகிறேன் என்றவள் நன்றாகவே ஓடினாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்றுதான் தோன்றியது. அந்த நினைப்பு மூச்சு முட்டலைவிட மோசமாக இருந்தது.

பின்னால் ஒரு வண்டி ஊர்ந்து வரும் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ். கடைசி ஆளுக்குப் பின்னால் வருவதற்கென்று அமர்த்தப்பட்டது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏறிக்கிடுதியளா அக்கா?"

"இல்லண்ணே. நடந்தே வந்துருவேன். உங்களுக்குத்தான் லேட்டாகுது."

"எங்களுக்கென்ன. நீங்க வாரதுக்குத்தான் நாங்க வாரோம். மெதுவா போங்க."

அதற்குப் பிறகு குற்றாலம் வரை என் துணை அந்த இன்ஜின் சத்தம்தான். நான் நின்றால் அதுவும் நின்றது. பழக்கடைகளைத் தாண்டி, அருவியின் இரைச்சல் கேட்கத் தொடங்கியதும் ஓடப் பார்த்தேன். கடைசிக் கொஞ்ச தூரம் ஓடவும் செய்தேன். எல்லைக்கோட்டில் தோரணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்கள் கையில் கயிறோடு ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்கள். ஒருவர் பதக்கத்தை நீட்டினார். வாங்கி, நானே கழுத்தில் போட்டுக்கொண்டேன். ஓட்டுநர் ஒருதரம் ஹாரன் அடித்துவிட்டு வண்டியைத் திருப்பினார். ஓடி முடித்ததைச் சொல்ல ஆள் இல்லை.

குளிக்கும் எண்ணமே இல்லை. ஆனால் சாலையில் வந்த கூட்டம் என்னை அருவிப் பக்கமாகவே நகர்த்திக்கொண்டு போயிற்று. பெண்கள் குளிக்கும் பகுதியில் கம்பியைப் பிடித்தபடி ஓரமாக நின்றேன். எண்ணெய் வழியும் தோள்கள், பிழியப் பிழிய நனையும் புடவைகள், கூச்சல். தெறித்த நீரே ஊசியாகக் குத்தியது.

"அங்கன நின்னா என்னத்த விழும்? உள்ள வாங்க!" கனத்த உடம்புள்ள ஒரு பெண்மணி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். மறுவிநாடி நான் அருவிக்குக் கீழே, முன்னும் பின்னும் முன்பின் தெரியாத உடம்புகளுக்கு நடுவே இருந்தேன். தண்ணீர் உச்சந்தலையில் அறைந்தது. மூச்சு அடைத்து, இருமல் வந்தது. பழைய இருமல் போலவே, அடிவயிற்றிலிருந்து. இப்போது எல்லாரும் விலகுவார்கள் என்று காத்திருந்தேன்.

விலக இடமில்லை. விலக யாரும் நினைக்கவும் இல்லை. அந்தப் பெண்மணி ஒரு கையால் என் இடுப்பை வளைத்துக்கொண்டு, மறுகையால் முதுகில் ஓங்கித் தட்டினார். "மூக்குல ஏறிட்டு! குனியுங்க, குனியுங்க!"

இருமல் அடங்கியதும் அவர் காதருகே கத்தினேன். "எனக்கு டி.பி. இருந்துச்சு! இப்ப இல்ல!"

"என்னது?"

"டி.பி.! சரியாயிருச்சு!"

அவருக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டினார். "ஆமா, நல்ல தண்ணி! நல்லா நில்லுங்க!"

நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழுதேனா என்பதும் அந்தத் தண்ணீரில் தெரியவில்லை. கண் திறந்தபோது அவர் கூட்டத்தில் எங்கோ போயிருந்தார்.

மாலை ரயிலில் மதுரை திரும்பினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, உலர்ந்த சட்டைக்குள் தோள் பிசுபிசுத்தது. தொட்டுப் பார்த்தேன், எண்ணெய். யார் தோளிலிருந்து ஒட்டியதோ. வீட்டுக்குப் போனதும் அன்றிரவு அதைச் சோப்புப் போட்டுக் கழுவாமலேயே படுத்துக்கொண்டேன்.