பெருவிரலுக்குக் கீழே ஓடும் தங்கூசி

எங்கள் வீட்டுச் சட்டியில் கடல் மீன் வெந்து இருபது வருசத்துக்கு மேலாகியிருந்தது. சுனாமி வந்த காலையில் எங்கள் மூத்த மகள் கடலோடு போனாள். ஏழு வயது. தேடாத இடமில்லை, உடம்பு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு என் மனைவி வாவி மீன் மட்டும்தான் சமைப்பாள்.

"கடலுக்க நம்மட புள்ள கிடக்கு. அதுக்க திரிஞ்ச மீன நான் என்னெண்டு அறுக்கிற?" என்று ஒரு தரம் கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. கடற்கரை வீட்டை விட்டுவிட்டு, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அவளுடைய தாய்வழிக் காணியில் வந்து இருந்துகொண்டோம். நான் மேசன் வேலை செய்கிறவன். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் சிவனிடம் போய் நிற்பேன். கேட்பதற்கு எனக்கு ஒன்றுதான் இருந்தது. அதையும் வாய் விட்டுக் கேட்டதில்லை.

இந்த வருசம் மாரி முடிந்த கையோடு இளைய மகள் தலைப்பிள்ளைப் பேற்றுக்கு வீட்டுக்கு வந்தாள். சுனாமி அன்று அவளுக்கு இரண்டு வயது. அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடியே, "அம்மா, எனக்குக் கடல் பாரை மீன் போட்ட ஆணம் திங்கோணும் போல கிடக்கு" என்றாள்.

"அதிட ருசி உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் தாய்.

"மாமி வீட்டுல திண்டுதான். உங்களுக்குச் சொன்னா நான் அங்க மறுகா போக ஏலுமா?"

தாய் சிரிக்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி வாய்விட்டுக் கேட்டதை இல்லையென்று சொல்வது எங்கள் பக்கத்தில் பாவம். மூன்றாம் நாள் மனைவி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"கடை மீன் வேணா. ஆரோ பிடிச்சது அது. நீங்க அந்தக் கரையில போய் நிண்டு, கேட்டுப் பிடிச்சிட்டு வாங்க. நான் சமைக்கிறன்."

"ஆரிட்டக் கேக்கிற?"

"அத நான் சொல்லோணுமா?"

அவள் என்னைக் குற்றம் சொன்னது ஒரு நாளும் இல்லை. பிள்ளை கைநழுவிப் போனாள் என்றுதான் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன், அவளுக்கும். நடந்தது அதுவல்ல. இடுப்பில் சின்னவள், வலது கையில் மூத்தவள். தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது பக்கத்தில் ஒரு தென்னை. அதைப் பிடிக்க எனக்கு ஒரு கை வேண்டியிருந்தது. நான் வலது கையை விரித்தேன். நழுவவில்லை. விரித்தேன். அந்தச் சின்ன விரல்கள் என் பெருவிரலைத் தடவிக்கொண்டு போனதை இன்றைக்கும் இந்த விரல் மறக்கவில்லை.

கடற்கரைக்குப் போவதென்றால் தூண்டில் வேண்டும். வீச்சு வலை எறிய எனக்கு இப்போது தோள்மூட்டு விடாது. மோட்டார் சைக்கிளில் மண்முனைப் பாலத்தைக் கடந்து காத்தான்குடிக்குப் போனேன். மீன்பிடிச் சாமான் கடைக்காரர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், வாய்க்காரர்.

"கரையில நிண்டு இரை போட்டுப் பிடிக்கவா அண்ணன்? அப்ப ரெண்டு சாதி இருக்கு, பாருங்க" என்று தூண்டில் தடியில் பூட்டுகிற இரண்டு ரீலை மேசையில் வைத்தார்.

ஒன்று இப்போது எல்லோரும் வைத்திருப்பது. தடிக்குக் கீழே தொங்கும். கம்பியைத் திறந்து எறிந்தால் தங்கூசி என்கிற நைலோன் நரம்பு தானாகக் கழன்று ஓடும், கை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மற்றது பழைய மாதிரி. தடிக்கு மேலே உட்காரும். இரண்டு தட்டுக்கு நடுவில் உருளை, தங்கூசி ஓடும்போது உருளையே சுற்றும். அந்த ஓட்டத்தைப் பெருவிரலால்தான் தடவிப் பிடிக்க வேண்டும்.

"பெரிய ஈயக்குண்டு, பெரிய இரை, பெரிய மீன் எண்டா இதுதான் வாசி. ஆனா சொல்லிப்போட்டன், இது படிக்கிற வரைக்கும் மனிசன அழவைக்கும். எறியக்க விரல எடுக்காட்டி தங்கூசி அறும். முழுசா எடுத்தா சிக்குப்பட்டுக் குருவிக் கூடு கட்டும். உங்களுக்கு மற்றதுதான் லேசி."

நான் பழைய மாதிரியையே கையில் எடுத்தேன். ஏனென்று அப்போது தெரியவில்லை. போவது என்னவென்று விரலுக்குத் தெரிய வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். அந்த மாதிரியிலும் முதலில் நான் தொட்டது ஆகப் பெரியதை.

"அது போட்டில வச்சு வேலை செய்யிறது, அண்ணன். உருளை பாரம். எறியக்க கிளம்பாது, கிளம்பினா நிக்காது. இதப் பாருங்க, ஒடுக்கமான உருளை. உடம்பு ஒரே வார்ப்பு, ஆடாது. நூல ஒழுங்காச் சுத்துற பல்லு இதில இல்ல. அது இருந்தா மணல் பூந்து ரெண்டு மாசத்தில செத்துப்போகும். நீங்கதான் விரலால அங்கால இங்கால தள்ளிச் சுத்தோணும்."

பக்கத்தில் நட்சத்திரம் போல ஒரு பிடி இருந்தது. மீன் இழுக்கும்போது எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கும். "அரைவாசிதான் இறுக்கோணும். இழுத்தா விடுங்க. விட்டாத்தான் கரைக்கு வரும்" என்றார். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சாமித் தட்டில் வைத்தேன். புதுச் சாமான் எதுவானாலும் பூசை காட்டாமல் நான் தொடுவதில்லை. சாந்தகப்பைக்கும் மட்டப்பலகைக்கும் வைப்பது போலவே ரீலின் இரண்டு தட்டிலும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் கரைக்குப் போனேன். எங்கள் பழைய வீட்டு வளவு இருந்த இடத்துக்கு நேரே. அங்கே இப்போது தாழையும் அத்திவாரக் கல்லும்தான். கடலைப் பார்த்து நிற்க முடியவில்லை. தூண்டிலில் இறாலைக் குத்தி, உருளையை விரலால் அமத்தி, தடியை வீசினேன். விரல் எழும்பவில்லை. படீரென்று தங்கூசி அறுந்து ஈயம் மட்டும் தனியாகப் பறந்தது. இன்னொரு ஈயம் கட்டினேன். அதுவும் போயிற்று. மூன்றாம் தரம் பயத்தில் விரலை முழுக்க எடுத்துவிட்டேன். உருளை வெறிகொண்டு சுற்றி, தங்கூசி தலைமயிர் போல் சிக்கி நின்றது. பிறகு உருளை அசையவே மாட்டேன் என்றது.

ரீலைத் திரும்பக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணன், இதுக்குச் சந்தனமா வச்சீங்க?"

"பூசைக்கு வச்ச."

"கும்பிடுறதுக்குச் சந்தனம் சரி, பேரிங்குக்கு எண்ணெய்தான்! காய்ஞ்சு சீமெந்தாப் போயிருக்கு. மேசன் எண்டு சொன்னீங்க, அதக் காட்டிட்டீங்க." சிரித்து முடித்துத் துடைத்து எண்ணெய் விட்டார். நானும் சிரித்தேன். பிறகு அவர் என் கையைப் பிடித்துத் திருப்பினார். பெருவிரல் தோல் கன்றிச் சிவந்து கிடந்தது.

"ஈயம் அறுந்தது சந்தனத்தால இல்ல. இந்த விரலாலதான். ஏன் இப்பிடி இறுக்குறீங்க? ஆண்டவன நினைச்சு விடுங்க."

அந்தக் கிழமை தினமும் போனேன். விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பப் பழகினேன். தங்கூசி விரலுக்குக் கீழே ஓடும்போது அது தங்கூசியாக இருப்பதில்லை. சூடாக, சின்னதாக, என்னைத் தடவிக்கொண்டே போகும். ஒவ்வொரு எறிக்கும் அவள் போனாள். ஈயம் தண்ணீரில் விழும் இடத்தில் கண்ணை எடுக்காமல் நிற்பேன். யாரோ தலையைத் தூக்குவது போலவே இருக்கும். பார்த்தால் அலை. மனைவி கேட்கச் சொன்னதை மட்டும் நான் கேட்கவில்லை. என்ன முகத்தோடு கேட்பது?

ஐந்தாம் நாள் ஒரு மீன் இரையை எடுத்தது. தடி வளைந்து உருளை கிறீச்சிட்டது. பெரிய மீன், ஆழத்துக்கு இழுத்தது. விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தங்கூசி போய்க்கொண்டே இருந்தது, உருளையில் அடி தெரிந்தது. "போகாத" என்று கத்திவிட்டேன். இரண்டு பெருவிரலையும் வைத்து அமத்தினேன். தோல் எரிந்தது. வெடிபோல ஒரு சத்தம். நான் மணலில் விழுந்து கிடந்தேன். முன்னால் ஒன்றும் இல்லை.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். மனைவி என் விரலைக் கண்டு தண்ணீர் கொண்டுவந்தாள்.

"மீன் அறுத்திட்டுப் போச்சு" என்றேன். "நான் விடல்ல. விட்டிருந்தா பிடிச்சிருப்பன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "புள்ளயத்தான் நான் விட்டன். அது கைநழுவல்ல. நான்தான் கைய விரிச்சன்."

அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"குசினிக் கூரை ஓட்டுல ஏறி நிண்டன்தானே. அங்க இருந்து பாத்தன். நீங்க தென்னையப் பிடிச்சதப் பாத்தன்."

இருபது வருசம். ஒரே பாய், ஒரே சட்டி. நான் மறைத்த ஒன்றை அவள் முதல் நாளிலிருந்தே வைத்திருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்களாச் சொல்லோணும் எண்டு இருந்தன். நாளைக்கு நானும் வாறன்."

மறுநாள் அவள் என்னோடு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, பக்கத்து வளவுப் பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள்.

"மகள், தங்கச்சி ஆசைப்படுறாள். ஒரு மீன் தா."

நான் எறிந்தேன். வெயில் ஏறிய பிறகு ஒரு பாரை எடுத்தது, இரண்டு கை நீளம். அது இழுத்தது, விட்டேன். இழுத்தது, விட்டேன். அழுதுகொண்டேதான் விட்டேன். களைத்துக் கரைக்கு வந்தது.

அவள் அதைக் கிணற்றடியில் வைத்து அறுத்தாள். குடலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, விரலால் வழித்து வழித்துப் பார்த்தாள். இரண்டு சின்ன நண்டுதான் இருந்தன. அதற்குப் பிறகுதான் சட்டியை அடுப்பில் வைத்தாள். மகள் மூன்று தரம் சோறு வாங்கித் தின்றாள்.

எனக்கும் நடுத்துண்டை வைத்து, "தின்னுங்க" என்றாள் மனைவி. முன்னால் இருந்து நான் தின்று முடிக்கும் வரை பார்த்தாள். அவள் பருப்போடு சாப்பிட்டாள்.

பேரன் பிறந்துவிட்டான். நான் வாரத்தில் ஒரு நாள் கரைக்குப் போகிறேன். கிடைத்ததை அவள் சமைக்கிறாள், குடலைப் பார்க்கிறாள், எனக்கு வைக்கிறாள். அவள் இன்னும் கடல் மீனைத் தொடவில்லை. நானும் ஏனென்று கேட்பதில்லை.