மட்டியின் உடம்புக்குள் நடக்கிற வேலை

பிள்ளைகளே, நம் வீட்டில் மட்டி ஏன் சமைப்பதில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எழுதியே வைத்துவிடுகிறேன்.

சுனாமி வந்த மறு வருஷம் உப்பளப் பாத்தியெல்லாம் சேறு மூடிக் கிடந்தது. எனக்குக் கூலி இல்லை. உங்கள் அம்மா ஓடையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சேற்றில் கையால் மட்டிச் சிப்பி தடவி எடுத்து விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. ஓடைக்கு மேலே புதிதாக ஓர் இறால் பண்ணை. குட்டைக்கு மருந்து போட்ட தண்ணீரை, குழாய் வைத்து ஓடையில்தான் விடுவார்கள்.

கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஒரு பெண் எங்களிடம் மட்டி வாங்கி ஐஸில் வைத்து எடுத்துப்போனார். சில மாதம் கழித்து வந்து, கரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் காட்டினார்.

"மட்டிக்குள்ள இந்த மாதிரி ரெண்டு துண்டு ஒட்டின ஒரு புரதம் இருக்குதுண்ணா. என்சைம்னு சொல்வோம். ஒவ்வொரு துண்டுலயும் ஒரு குழி இருக்குது. விஷம் அதுல வந்து உட்காரும். மட்டி உடம்புல இருக்கிற இன்னொரு பொருள் பக்கத்துல உட்காரும். ரெண்டையும் முடிச்சுப் போட்டுடும். அப்புறம் தண்ணியில கரைஞ்சு வெளிய போயிடும்."

"நல்லதுதானேம்மா?"

"இங்க அது எக்கச்சக்கமா வேலை செய்யுதுண்ணா. அவ்ளோ விஷம் உள்ள வருதுன்னு அர்த்தம். எல்லாத்தையும் அதால கட்ட முடியாது. மிச்சம் சதையிலயே தங்கிடும்."

ஊர்க்கூட்டத்தில் எழுந்து இதை அப்படியே சொன்னேன். வந்திருந்த பண்ணை மேனேஜர் சிரித்தார். "ஏம்பா, மட்டியே விஷத்தைக் கழுவி வெளிய தள்ளுதுன்னு நீயே சொல்ற. அப்புறம் என்ன பயம்? நல்லா துன்னு." பண்ணையில் வேலை கிடைத்தவர்கள் கைதட்டினார்கள்.

மட்டியை ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் போட்டு, மணலைக் கக்க வைத்துத்தான் சமைப்பது எங்கள் வழக்கம். "மணலே வந்துடுது, மருந்து வராதா?" என்றார் ஒரு பெரியவர். மணல் குடலில் இருப்பது, விஷம் சதையில் ஊறினது என்றேன்.

"டேய், டாக்டர் வந்துட்டாருடா" என்றான் ஒருவன். கூட்டம் கலைந்தது. குழாயை யாரும் அடைக்கவில்லை.

என் பேச்சு சந்தைக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது. "உன் வூட்டுக்காரரே விஷம்ன்றாரு, எனக்கு வேணாம்மா" என்று வியாபாரி உங்கள் அம்மாவின் கூடையைத் தள்ளிவிட்டார். மற்றவர்களுடையதை வாங்கிக்கொண்டார். அதே ஓடை, அதே மட்டி.

"பசங்க பசியில இருக்குதுங்க. இதையாவது ஆக்கட்டுமா?" என்று கேட்டாள். நான் கூடையை அவள் கையிலிருந்து வாங்கி வெளியே வைத்தேன்.

அவள் அரிசி கேட்டு அக்காள் வீட்டுக்குப் போன பிறகு, உப்பள வரப்புக்குப் பின்னால் மண்வெட்டியால் குழி வெட்டிக் கூடையைக் கவிழ்த்தேன். மட்டிகள் இன்னும் உயிரோடுதான் இருந்தன. மண்ணைத் தள்ளி மிதித்தேன்.