ஒரு பித்தளை வால்வைத் தெளிவாக்கிய கதை

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிடிபி சென்டர்ல உட்கார்ந்துக்கிட்டு வெப்சைட் பண்றது எவ்வளவு பெரிய வம்புன்னு, அதே வம்புல மாட்டிக்கிட்ட உங்களுக்குத்தான் தெரியும்.

பத்திரிகை, விசிட்டிங் கார்டுன்னு காலம் தள்ளிட்டிருந்த என்கிட்ட, பொம்மசந்திரா தொழிற்பேட்டையில ஷெட் போட்டுப் பித்தளை வால்வு பண்ற செல்வராஜ் சார் வந்தார். "புனேயில ஒரு பெரிய பார்ட்டி வெள்ளிக்கிழமை நம்ம வெப்சைட்டைப் பார்க்கிறாங்க மேடம். படம் பிடிச்சுதுன்னா ஆர்டர் நமக்குத்தான்"னார். எங்க கடைக்கு அதுதான் முதல் வெப்சைட். அச்சு வேலைக்கு வெச்சிருக்கிற அதே சாஃப்ட்வேர்லயே பண்ணிடலாம்னு வாயைக் குடுத்துட்டேன்.

நாலு கை மாறின படம்

வாட்ஸப்ல ஒரே ஒரு வால்வு படம் வந்தது. ஃபோர்மேன் எடுத்து டிரைவருக்கு அனுப்பி, டிரைவர் அதை சாரோட பையனுக்கு அனுப்பி, பையன் சாருக்கு அனுப்பி, சார் எனக்கு அனுப்பியிருந்தார். வர்ற வழியிலேயே இளைச்சு, என்கிட்ட வரும்போது தபால்தலை சைஸ். பக்கம் முழுக்க இழுத்துப் பெருசு பண்ணினா கட்டம் கட்டமா தெரியுது. வால்வோட வயித்துல ஏதோ கீறல் மாதிரி வேற. "ஒரிஜினலை அனுப்புங்க சார்"னு கெஞ்சினேன்.

"எதுக்கு மேடம்? உங்க கம்ப்யூட்டர்ல பெருசு பண்ற பட்டன் இருக்குமில்ல, அதை நல்லா அழுத்துங்க."

நிறம் மாறின பித்தளை

இது என் தப்பு, ஒத்துக்கறேன். பேப்பர்ல அச்சடிக்கிற கலர் முறை வேற, திரையில காட்டுற கலர் முறை வேற. நான் பத்திரிகைப் பழக்கத்துல அச்சுக் கலர்லயே படத்தை ஏத்திட்டேன். என் மானிட்டர்ல தங்கமா மின்னுச்சு. சார் போன்ல பார்த்துட்டு நேரா கடைக்கே வந்துட்டார். போனை என் மூக்குகிட்ட நீட்டினார். கண்ணைக் கூசற பச்சை மஞ்சள். மானமே போச்சு.

"நான் பண்றது வால்வு மேடம், எலுமிச்சம்பழம் இல்லை."

ஏழாவது சேவ்

கலரைச் சரி பண்ணினதும் "கொஞ்சம் இடது, கொஞ்சம் மேல"ன்னு ஆரம்பிச்சார். எங்க கடை மஞ்சுளா கன்னடப் பொண்ணு, தமிழ் என்னைவிட நல்லா பேசுவா. அவ ஒவ்வொரு தடவையும் ஏற்கெனவே சுருக்கின படத்தையே திறந்து, திருத்தி, மறுபடியும் சுருக்கி சேவ் பண்ணியிருக்கா. சாம்பாரை ஏழு தடவை சூடு பண்ணின கதைதான். ஓரமெல்லாம் எறும்பு மொய்ச்ச மாதிரி ஆயிடுச்சு. "மூலப் படத்தைத் தனியா வெச்சுட்டு காப்பியில கை வைடி"ன்னு கத்தினேன். அவ அசரவே இல்லை.

"சும்மா இருங்கக்கா. ஆறு தடவையும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டவரு, இப்பத்தான் 'சூப்பர், இதுவே இருக்கட்டும்'னு சொல்லியிருக்காரு."

பஸ் பிடிச்சுப் போய் வாங்கின தெளிவு

எனக்கு வீம்பு வந்துடுச்சு. வியாழக்கிழமை பஸ் பிடிச்சு பொம்மசந்திரா போனேன். சார் அத்திபெலே போயிருந்தார். ஃபோர்மேன் போன்ல ஒரிஜினல் பத்திரமா இருந்தது. கேபிள் போட்டு லேப்டாப்புல இறக்கிக்கிட்டேன். கடைக்கு வந்து, இந்தத் தடவை திரைக் கலர்லயே வெச்சு, வேண்டிய அளவுக்கு ஒரே தடவை சின்னதாக்கி ஏத்தினேன். அடடா! வால்வு வாயில இருக்கிற மரைச் சுத்தை ஒவ்வொண்ணா எண்ணலாம். சத்தியமா எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கீறல்னு நினைச்சது எழுத்து! சாரோட பிராண்டு பேரு போலன்னு, அது நல்லா தெரியட்டும்னு ஜூம் வசதி வேற வெச்சேன்.

வெள்ளிக்கிழமை புனேக்காரங்க பார்த்தாங்க. ஜூம் பண்ணியும் பார்த்தாங்க. வால்வு வயித்துல பொறிச்சிருந்தது பக்கத்து ஷெட் கம்பெனியோட பேரு. சாரோட வால்வெல்லாம் பாலிஷுக்குப் போயிருந்ததால, பக்கத்து ஷெட்டுல ஒண்ணை இரவல் வாங்கி வெச்சுப் படம் எடுத்திருக்காங்க. ஆர்டர் வந்தது, பக்கத்து ஷெட்டுக்கு. சாயங்காலம் சார் கடைக்கு வந்து உட்கார்ந்தார். மஞ்சுளா குடுத்த தண்ணியை நிதானமா குடிச்சு முடிச்சார்.

"வெப்சைட்தானே மேடம் கேட்டேன்? நீங்க எக்ஸ்ரே எடுத்துக் குடுத்துட்டீங்களே!"

ஆகவே என் இனத்து மக்களே, படத்தோட தரத்தைக் காப்பாத்த பஸ் ஏறுறதுக்கு முன்னாடி, படத்துல இருக்கிறது யாரோட சரக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.