பட்டி பார்த்த முகம்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் மாரீஸ்வரனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. இதை ஊர் சொல்லவில்லை, அவரேதான் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். போன தீபாவளிக்குப் பிறகு சொல்வதில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "ஒரு பருவை எடுக்கப் போயி மொத்த பாடியையும் நசுக்கிப்புட்டேன்யா, என்னைய மாதிரி ஒரு கூறுகெட்டவன் இந்த பம்பாய்லயே கெடையாது" என்று ஆரம்பிப்பார். தன்னைத்தானே திட்டிக்கொள்வதிலும் தானே முதல் ஆளாக இருக்க வேண்டும் அவருக்கு.

அடிபட்ட கார்களைச் சீர்செய்வது அவர் தொழில். செம்பூர் போகிற வழியில் ரோட்டோரமாக ஒரு ஷெட், பக்கத்தில் பெயிண்ட் அடிக்க ஷாகிர் என்றொரு கூட்டாளி. நசுங்கின கதவைத் தட்டி நிமிர்த்துவார். பள்ளம் இருக்கிற இடத்தில் பட்டி பூசுவார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், முதலில் சொரசொரப்பான தாள், அப்புறம் நைஸ் தாள். கடைசியில் ஒரு டியூப் லைட்டைக் கையில் பிடித்து, தகரத்தின் மேல் சாய்வாகக் காட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். கடுகளவு மேடு பள்ளம் இருந்தாலும் அந்த வெளிச்சத்தில் தெரிந்துவிடும். வண்டிக்காரன் தன் வண்டியைத் தானே அடையாளம் தெரியாமல் ஒரு நிமிஷம் முழிப்பான். அந்த முழிப்பைப் பார்ப்பதற்காகவே மாரீஸ்வரன் வேலை பார்த்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

அவருக்கு ஒரே மகள், மாரிசெல்வி. வயது பதினைந்து, பத்தாம் வகுப்பு. ஜூன் மழையோடு மழையாக அவள் நெற்றியில் நாலு பரு வந்தது. ஆகஸ்டில் கன்னத்துக்கு இறங்கி, தாடைக்கும் பரவிவிட்டது. சில பருக்கள் சீழ் கோத்துக்கொண்டு நின்றன. வகுப்பில் எவனோ ஒருத்தன் அவளை பீட்சா என்று கூப்பிட்டிருக்கிறான். அதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை, அப்பாவிடம்தான் வந்து சொன்னாள்.

"அப்பா, நீங்க எவ்வளவு அடிபட்ட வண்டியையும் புதுசாக்கிருவீங்கல்ல. என் மூஞ்சிக்கு ஏதாச்சும் செய்யுங்கப்பா."

பிள்ளை நம்பி வந்து முகத்தைக் கொடுத்தது. டாக்டரிடம் போவோம் என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. "இம்புட்டுத்தானா, நாளைக்கே ஆரம்பிச்சிருவோம்ட்டி" என்றுதான் வந்தது.

ஆரம்பித்தார். முல்தானி மிட்டியைத் தண்ணீரில் குழைத்து, பட்டி போடுகிற மாதிரியே பரு மேலெல்லாம் அழுத்தி அப்பினார். காய்ந்து வெடித்ததும் பீர்க்கங்காய் நாரால் ஒரு தேய்ப்பு, அப்புறம் சொரசொரத் துண்டால் ஒரு தேய்ப்பு, கடைசியில் பழைய பனியன் துணியால் ஒரு தேய்ப்பு. சொரசொரப்பில் தொடங்கி நைஸில் முடிக்க வேண்டும் அல்லவா, தொழில் தர்மம்! தினம் காலையில் ஸ்கூலுக்குக் கிளம்புமுன் மகளை வாசலில் நிறுத்தி, செல்போன் டார்ச்சைக் கன்னத்தோரமாகச் சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

"நெத்தி பரவால்ல. இடது பக்கம்தான் இன்னும் லெவலுக்கு வரல."

செண்பகவல்லிக்கு, அதாவது அவர் மனைவிக்கு, இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அவள் தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், காலையில் அவளுக்கும் அவசரம். "பிள்ளைய பிள்ளையா பாருங்க. அவ என்ன ஆக்ஸிடென்ட் ஆன மாருதியா?" என்பாள். மாரீஸ்வரன் கையை மட்டும் ஆட்டுவார், பேசாமல் இரு என்று.

தேய்க்கத் தேய்க்க முகம் சிவந்து எரிந்ததே தவிர, பரு குறையவில்லை. அப்போதுதான் ஷாகிர் ஒரு கிரீமைக் கொண்டுவந்தான். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கொடுக்கிற சின்ன டியூப். "மாரி பாய், ஏக் ஹஃப்தா. ஒரே வாரம். ஃபேஸ் ஏக்தம் சகாசக், பளபளன்னு ஆயிடும்" என்றான். டியூப்பின் மேல் பொடி எழுத்தில் என்னவோ சிவப்புக் கோட்டோடு போட்டிருந்தது. மாரீஸ்வரன் அதைப் படிக்கவில்லை. பெயிண்ட் டப்பாவில் எழுதியிருப்பதையே அவர் படித்ததில்லை, இதையா படிக்கப்போகிறார்?

ஷாகிர் சொன்ன மாதிரியே ஆனது. எட்டாம் நாள் செல்வியின் முகம் பளிங்கு மாதிரி இருந்தது. சிவப்பும் இல்லை, வீக்கமும் இல்லை. மாரீஸ்வரனுக்குத் தலைகால் புரியவில்லை. தீபாவளிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு கேம்ப்பில் ஒரு சந்து விடாமல் போனார். "யாரு வேலன்னு நெனைக்கீக?" என்று ஆளாளுக்குக் கேட்டார். போர்டு எக்ஸாம் ஃபாரத்துக்குப் போட்டோ கேட்டிருந்தார்கள். பழைய போட்டோ வீட்டில் இருக்கத்தான் செய்தது. வேண்டாம் என்று ஸ்டுடியோவுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் புதுசாக எடுக்க வைத்தார். ஹால் டிக்கெட்டில் ஏறினது அந்தப் பளிங்கு முகம்தான்.

நவம்பர் இரண்டாம் வாரம் டியூப் தீர்ந்தது. ஷாகிர் ஊருக்குப் போயிருந்தான். என்ன கிரீம் என்று பேரைக் கூடப் படித்துப் பார்க்காத இந்த மேதாவி, வேலைதான் முடிந்துவிட்டதே என்று விட்டுவிட்டார். நாலாம் நாள் முகம் திகுதிகுவென்று எரிகிறது என்றாள் செல்வி. ஒரு வாரத்தில் முன்பிருந்ததைப் போல் மூன்று மடங்கு கிளம்பிவிட்டது. இரண்டு கன்னமும் கழுத்தோரமும் செக்கச்செவேல் என்று, தொட்டால் அலறினாள். மாரீஸ்வரன் வழக்கம்போல் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கிட்ட வராதீங்க!" என்று கத்தினாள். "நீங்க என்னைய எங்க பாக்கீங்கப்பா, பருவைத்தான பாக்கீங்க! எந்திரிச்சதும் எண்ணுறீங்க, தூங்கப் போறப்ப எண்ணுறீங்க. போங்கப்பா!"

இரும்பு ஏணி ஏறி மேல் அறைக்குப் போனவள், அதற்குப் பிறகு முகத்தில் துப்பட்டாவைச் சுற்றாமல் கீழே இறங்கவில்லை. அப்பாவிடம் பேச்சை நிறுத்தினாள். ஸ்கூலுக்குப் போகவில்லை. ஒன்பதாம் நாள் டீச்சர் போன் செய்து, இப்படியே போனால் பரீட்சை எழுதவிடுவது கஷ்டம் என்றார். பரீட்சையே எழுதப்போவதில்லை என்று மேலேயிருந்து பதில் வந்தது. ஹாலில் போட்டோவைப் பார்ப்பார்கள், அப்புறம் அவள் முகத்தைப் பார்ப்பார்கள், எல்லார் முன்னாலும். அதற்குச் செத்தே போகலாம் என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் மாரீஸ்வரன் ஏணியின் அடியில் நின்று மேலே பார்த்தபடியே இருந்தார். செண்பகவல்லிதான் கம்பெனிக்கு லீவு சொன்னாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீங்களும் வாறீங்க, வாயத் தொறக்காம வாறீங்க" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே டாக்டர் அஸ்ரின், முப்பது வயதுப் பெண். இவர்கள் தட்டுத்தடுமாறி ஹிந்தியில் ஆரம்பித்ததும், "தமிழ்லயே சொல்லுங்க, எங்கம்மாவுக்கு மேலப்பாளையம்" என்றார். செல்வி துப்பட்டாவை அவிழ்த்தாள். டாக்டர் முகத்தைப் பார்த்தார், தீர்ந்துபோன டியூப்பையும் வாங்கிப் பார்த்தார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. மொதல்ல பளபளன்னு இருக்கும், விட்டதும் இப்படித்தான் திருப்பி அடிக்கும். யாரு இத போடச் சொன்னது?"

மாரீஸ்வரன் வாயைத் திறப்பதற்குள் செல்வி சொன்னாள். "நானாத்தான் வாங்கிப் போட்டேன் டாக்டர்."

பத்து நாள் முகம் கொடுத்துப் பேசாத பிள்ளை, அப்பாவை ஒருத்தர் முன்னால் விட்டுக்கொடுக்கவில்லை. மாரீஸ்வரனுக்கு அந்த இடத்திலேயே தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"பொய் சொல்லுதா டாக்டர்" என்றார். "நாந்தான் போட்டேன். அதுக்கு முன்னாடி நார் வச்சுத் தேய்ச்சதும் நாந்தான். பட்டி போட்டதும் நாந்தான்."

"பட்டியா?"

செண்பகவல்லி விளக்கினாள். பருவுக்குப் பருவாக, துண்டுக்குத் துண்டாக, டார்ச் உட்பட ஒன்றையும் விடாமல் விளக்கினாள். டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்புறம் பெரியவர்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு, செல்வியோடு தனியாகக் கால் மணி நேரம் பேசினார். திரும்பக் கூப்பிட்டபோது செல்வியின் கண் சிவந்திருந்தது, ஆனாலும் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இது அழுக்குனால வர்றது இல்ல. இந்த வயசுல உடம்புக்குள்ள நடக்குற மாத்தம். தேய்க்கத் தேய்க்க அதிகமாத்தான் ஆகும்" என்றார் டாக்டர். மென்மையான ஃபேஸ்வாஷ் ஒரு நாளைக்கு இரண்டு தடவை. ராத்திரி ஒரு ஜெல், முகம் முழுவதுக்கும் சேர்த்துப் பட்டாணி அளவு. வெயிலில் போனால் சன்ஸ்கிரீன். கொஞ்ச நாளைக்கு மாத்திரை. கிள்ளக் கூடாது, பிதுக்கக் கூடாது. முதல் சில வாரம் இன்னும் மோசமாகத் தெரியலாம், பயந்து விட்டுவிடக் கூடாது.

"எத்தன நாள்ல சரியாவும் டாக்டர்?" என்றார் மாரீஸ்வரன்.

"மூணு மாசம் ஆகும். கூடவும் ஆகலாம்."

"மூணு மாசமா? பஸ்ஸு கவுந்தாக் கூட நான் பதினஞ்சு நாள்ல..."

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் அங்கிள். அவ முகத்த பத்தி மூணு மாசத்துக்கு ஒரு வார்த்தை பேசாதீங்க. நல்லாருக்குன்னும் சொல்லாதீங்க. லைட் அடிச்சுப் பாக்கவே பாக்காதீங்க. அவ கேட்டது இது ஒண்ணுதான்."

சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டமான வேலை என்று மாரீஸ்வரன் அதுவரை அறிந்ததில்லை. சாப்பிடும்போது மகள் எதிரே வந்து உட்கார்ந்தால் டிவியைப் பார்ப்பார். டிவி ஓடாவிட்டாலும் டிவியைத்தான் பார்ப்பார். "குழம்புல உப்பு சரியா இருக்கா?" என்று ஒரே நேரத்தில் நாலு தடவை கேட்பார், வேறு எதுவும் வாயில் வந்துவிடக் கூடாதே என்று. ஷெட்டில் ஒரு வெள்ளைக் காரின் கதவைத் தேய்த்துக்கொண்டே "மூணு மாசம், மூணு மாசம்" என்று முனகி, அடிப்பூச்சையும் தாண்டித் தகரம் தெரியத் தேய்த்துவிட்டார். ஊரிலிருந்து திரும்பி வந்த ஷாகிர் அடுத்த டியூப்பை நீட்டினான். மாரீஸ்வரன் அதைப் பிடுங்கி, அவன் கண் முன்னாலேயே தின்னர் டப்பாவுக்குள் பிதுக்கினார்.

டிசம்பரில் பக்கத்து வீட்டுப் பேராச்சியக்கா வந்தாள். ஏணியில் இறங்கிக்கொண்டிருந்த செல்வியைப் பார்த்து, "ஏட்டி, துணிய எடு, மூஞ்சிய காட்டு. வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுத் தாரேன்" என்றாள். செல்வி ஏணிப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"யக்கா" என்றார் மாரீஸ்வரன், "உங்க மவன் வண்டியில கீறல் விழுந்திருந்தா சொல்லுங்க, பாத்துக் குடுக்கேன். எம்மவ மூஞ்சில யாரும் கை வைக்க வேண்டாம். வச்ச மடையன் ஒருத்தன் போதும்."

"யாரு அந்த மடையன்?"

"ஒங்க முன்னாடிதான் நிக்கேன்."

"அத இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சீராக்கும்? எம்மவனுக்குப் பல்லு வலிச்சப்ப பெட்ரோல பஞ்சுல நனைச்சு வைக்கச் சொன்னது நீருதான!" என்றாள் பேராச்சியக்கா. ஏணியிலிருந்து களுக்கென்று ஒரு சத்தம் வந்தது. ஒரு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது அந்தச் சிரிப்பை வீட்டில் கேட்டு. மாரீஸ்வரன் திரும்பிப் பார்க்கவில்லை, டிவியைத்தான் பார்த்தார். ஆனால் ஒன்று புரிந்துவிட்டது. தன்னை எவ்வளவு கேவலப்படுத்திக்கொள்கிறாரோ அவ்வளவு தூரம் மகள் இறங்கி வருகிறாள். அன்றிலிருந்து தினம் ஒரு முட்டாள்தனத்தைத் தோண்டி எடுத்துச் சொன்னார். சரக்குக்குப் பஞ்சமில்லை.

ஜனவரியில் செல்வி மாஸ்க் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போனாள். சிவப்பு மெல்ல வாடத் தொடங்கியிருந்தது. கறுப்புத் தழும்பும் அங்கங்கே புதுப் பருவும் இருக்கத்தான் செய்தன. கண்ணாடியை விட்டு விலகாமல் நின்ற பெண் இப்போது பல் தேய்க்க மட்டும் நின்றாள். பரீட்சை எழுதுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

முதல் பேப்பர் அன்றைக்குக் காலையில் அவளே வந்து, "பைக்ல கொண்டு விடுறீங்களாப்பா?" என்றாள். சென்டர் வாசலில் ஒரே கூட்டம். உள்ளே போகிற பிள்ளைகளை வாட்ச்மேன் மாஸ்க்கைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தான். செல்வி ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பைக்கை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தப் போட்டோல இருக்கது நான் இல்லன்னு சொல்லிட்டா என்னப்பா செய்றது?"

மாரீஸ்வரனுக்கு நல்லாத்தான் இருக்கிறாய் என்று சொல்ல நாக்கு துடித்தது. அதற்கு அனுமதி இல்லை.

"சொன்னா என்னைய கூப்பிடு. நான் உள்ள வந்து, சார், பொண்ணு ஒரிஜினல்தான், போட்டோதான் டூப்ளிகேட், அதச் செஞ்ச கேனப்பய நாந்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கேன்."

"தமிழ்லயா எழுதுவீங்க? அவங்களுக்கு மராத்திதான் தெரியும்."

"பெயிண்ட்லயே எழுதுதேன்ட்டி."

அவள் இறங்கினாள். மாஸ்க்கைக் கழற்றிப் பையில் திணித்தாள். அப்பா பக்கம் திரும்பாமல் நேராக நடந்து வாட்ச்மேன் முன்னால் போய் நின்றாள். அவன் டிக்கெட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், "சலோ, சலோ" என்று உள்ளே விரட்டினான்.

ஒரு சிக்னலில் முழுசாக நிற்கப் பொறுக்காத மனுஷன், அந்த வாசலிலேயே மூன்று மணி நேரம் வெயிலில் நின்றார். ஷாகிர் இரண்டு தடவை போன் செய்தான், எடுக்கவில்லை. பெல் அடித்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று வந்தார்கள். செல்வி இரண்டு சிநேகிதிகளோடு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே வந்தாள். மாஸ்க் பையிலேயே இருந்தது. தாடையில் புதுசாக ஒன்று சிவந்து நின்றது, தொழில்காரக் கண் அதைத் தூரத்திலேயே பிடித்துவிட்டது. அதைப் பற்றி வாயைத் திறந்துவிடக் கூடாது என்று அவசரமாக வேறு எதையோ தேடி, "என்னட்டி, எவ்வளவு மார்க்கு வரும்?" என்று கேட்டுத் தொலைத்தார்.

செல்வி நின்றாள். நவம்பரிலிருந்து அவர் பக்கம் முழுசாகத் திருப்பாத முகத்தைத் திருப்பி, கண்ணுக்கு நேராக முறைத்தாள்.

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா? மனுசி மூச்சு விட வேண்டாமா? லெட்டர் ரைட்டிங்ல எம்புட்டு பெருசா குடுத்துட்டானுக தெரியுமா! கை வலிக்கி, பசிக்கி, இவருக்கு மார்க்கு!"

சிநேகிதிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாரீஸ்வரன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பாமல், இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று நின்றார்.