மதினி அழாத துட்டி

முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, தேவதானப்பட்டியில் துட்டி வீட்டுப் பந்தலுக்கு வெளியே என் மதினி நின்ற நிற்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது. உள்ளே கிடத்தியிருந்தது வேறு யாரையுமல்ல, அவருடைய கூடப்பிறந்த தங்கையின் புருஷனை. லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்ட மனிதர்.

பன்றிக் காய்ச்சல் என்று ஊரெல்லாம் பேச்சாகக் கிடந்த வருஷம் அது. போடியில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் வரவில்லை. ஆனால் மதினியின் மகனுக்குப் பிறந்ததிலிருந்தே வீசிங். "மூச்சுக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு வந்தா ஆபத்துன்னு டிவியில சொன்னாக" என்று ஒரு நாள் ஆரம்பித்தார், அவ்வளவுதான். பஸ்ஸில் ஏற மாட்டார். யாராவது தும்மினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவார். தோல் உரிய உரியக் கையைக் கழுவுவார். கழுவினோமா என்று சந்தேகப்பட்டு மறுபடியும் கழுவுவார். தூக்கம் போயே போச்சு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தெருவே சிரித்தது. அண்ணன் தன் பெண்டாட்டியைப் பூசாரியிடம் கூட்டிப் போய் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். மனசுக்கும் டாக்டர் உண்டு என்று எங்களில் யாருக்குத் தெரியும்? தெரிந்திருந்தாலும், பைத்தியக்காரப் பட்டம் கட்டிவிடுவார்களே என்று வாயைத் திறந்திருக்க மாட்டோம்.

எங்கள் பக்கம் துட்டிக்குப் போகும் பெண்கள் கட்டிப்பிடித்துத்தான் அழ வேண்டும். சும்மா நின்றுவிட்டு வந்தால் உறவே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. அண்ணனின் பைக்கை விட்டு மதினி இறங்கியதுமே, தங்கை தலைவிரி கோலமாய் ஓடி வந்தாள்.

"அக்கா, என்னைய விட்டுட்டுப் போயிட்டாகளேக்கா!"

விரித்த கையோடு வந்தவளைக் கண்டு மதினி பின்னால் நகர்ந்தார். "கிட்ட வராதத்தா. வீட்டுல பிள்ளை இருக்கான்." ஒப்பாரி அப்படியே நின்றுபோனது. "ச்சீ, இவளும் ஒரு பொறப்பா?" என்று யாரோ காறித் துப்பினார்கள். ஐயோ, அந்தப் பாவி மனுஷி உள்ளுக்குள் எப்படித் துடித்தாள் என்று கூட இருந்த எனக்குத்தான் தெரியும்.

காய்ச்சல் பேச்சு அடங்கியது. மதினியின் பயமும் மெல்ல விட்டது. தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். நானும் துணைக்குப் போனேன். வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். தங்கை அசையாமல் நின்றாள். "நான் அழுது முடிச்சுட்டேன்க்கா. விடு, காப்பி போடுறேன்" என்று கையை விலக்கிவிட்டு உள்ளே போனாள்.

இப்போது இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள், விசேஷங்களுக்குப் போய்வருகிறார்கள். மகனுக்கு வீசிங்கூட நின்றுவிட்டது. ஆனால் எந்தத் தெருவில் துட்டி என்றாலும் மதினி முதல் ஆளாய் ஓடுகிறார். பழக்கமே இல்லாத பெண்களையெல்லாம் கட்டிக்கொண்டு அழுகிறார்.

"அவக நமக்கு யாரு மதினி?" என்று போன வாரம் கேட்டேன்.

"யாரா இருந்தா என்னத்தா? கட்டிக்க விட்டாகள்ல" என்றார்.